வருகிறேன் என்றவர்

ஞானாபரணம் நாசரேத்துக்காரர். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு சிலர் நோயாளி ஆகிறார்கள், சிலர் கவுன்சிலர் ஆகிறார்கள். அவர் மிஷனரி ஆனார். கப்பல் ஏறி, கிழக்கே ஒரு தீவில் வந்து இறங்கினார்.

அங்கே ஊழியத்துக்குத் தலைமை பியூலா அக்கா. வயதில் அவரைவிட மிகவும் இளையவர். எல்லோரும் அக்கா என்றதால் அவரும் அக்கா என்றார். அக்கா அவரை அண்ணாச்சி என்றார். உறவுமுறைக் கணக்கில் இது எங்கே போய் முடியும் என்று இருவருமே யோசிக்கவில்லை.

முதல் நாட்களில் ஞானாபரணத்துக்கு ஊர் மிகவும் பிடித்திருந்தது. வீடு வீடாகப் போனார். அக்காவிடம் கற்ற கொஞ்சம் தீவு மொழியில் நலம் விசாரித்தார். விடைபெறும்போது கைகூப்பி, அதே மொழியில் "வருகிறேன்" என்றார்.

அதன்பின் சில காரியங்கள் நடந்தன.

அவர் நடந்த மணலை ஒரு பெண் பின்னாலேயே வந்து ஓலையால் கூட்டி அழித்தாள். சுத்தமான ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டார். காலையில் கதவைத் திறந்தால், கவிழ்த்துப் போட்ட இலைமேல் அவித்த கிழங்கு இருந்தது. விருந்தோம்பல் என்று நினைத்துக்கொண்டார். யாரும் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடவில்லை. அதை மரியாதையில் சேர்த்துக்கொண்டார்.

ஒன்றை மட்டும் எதிலும் சேர்க்க முடியவில்லை. அவர் பேசும்போது எல்லோரும் அவர் முகத்தைப் பார்க்காமல், தோளுக்குச் சற்றுப் பின்னால் பார்த்தார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை.

ஒரு மத்தியானம் லேமு வந்தாள். மீன் காயவைத்து விற்பவள். போன மழைக்காலத்தில் அவளுடைய ஒரே மகன் படகோடு போனான். படகு மட்டும் கரை ஒதுங்கியது.

வாசலுக்கு வெளியிலேயே நின்று ஒரு சின்னச் சட்டையை நீட்டினாள். துவைத்து மடித்திருந்தது. ஒரு பொத்தான் மட்டும் புதிது.

"இதை அவனிடம் கொடுத்துவிடுங்கள். அங்கே குளிரும் என்கிறார்கள்."

"எங்கே?"

"உங்கள் ஊரில்."

நாசரேத்தில் குளிராது என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் கிளம்பிவிட்டாள். தன் காலடித் தடத்தைத் தானே ஓலையால் அழித்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து போனாள்.

சட்டையோடு அக்காவிடம் வந்தார். அக்கா உட்கார்ந்து ஒரு கிழங்கை உரித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, என் ஊருன்னு இவ எதைச் சொல்லுதா?"

"ஒரு வீட்டைவிட்டுக் கிளம்புதப்போ நீங்க என்ன சொல்லுதீங்க?"

"வருகிறேன்னு."

"நான் என்ன சொல்லிக்கொடுத்தேன்?"

"போகிறேன்னு. அது அமங்கலம்லா அக்கா. நான்தான் மாத்திக்கிட்டேன். இலக்கணத்துல இதுக்கு மங்கல வழக்குன்னே பேரு."

"இங்க உசுரோட இருக்கவங்க போகிறேன்னுதான் சொல்லுவாங்க. பிரேதத்தை வாசப்படி தாண்டித் தூக்குதப்போ, செத்தவரு சொல்லுததா வீட்டுல ஒருத்தர் சொல்லுவாரு, வருகிறேன்னு. அந்த வார்த்தை செத்தவங்களுக்கு மட்டுந்தான்."

ஞானாபரணம் சட்டையைக் கீழே வைக்கவும் முடியாமல், கையில் வைத்திருக்கவும் முடியாமல் நின்றார்.

"அப்போ அந்தக் கிழங்கு?"

"படையல்."

"நான் சாப்பிட்டேனே."

"அதோட அவங்க சந்தேகம் தீர்ந்திருக்கும்."

"இப்பவே போய்ச் சொல்லிருதேன், நான் உசுரோடதான் இருக்கேன்னு."

"நானும் நம்ம ஊர்க்காரிதானே அண்ணாச்சி. வந்த புதுசுல நானும் வருகிறேன்னுதான் சொன்னேன். பிறகு விஷயம் தெரிஞ்சு, உசுரோட இருக்கேன்னு வீடு வீடாப் போய்ச் சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"புதுசாச் செத்தவங்க எல்லாரும் மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்களாம்."

அவர் சிரிக்கப் பார்த்தார். அக்கா சிரிக்கவில்லை.

"இப்போ நம்புதாங்களா?"

அக்கா கையிலிருந்த கிழங்கைக் காட்டினார். "இன்னைக்குக் காலையில வந்தது."

ஆனாலும் அவர் லேமுவின் வீட்டுக்குப் போனார். சட்டையை நீட்டி, "அம்மா, நான் சாகவில்லை" என்றார்.

லேமு முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். பார்வையில் பயம் இல்லை, இரக்கம் இருந்தது.

"என் மகனும் இப்படித்தான் சொல்லிக்கொண்டு அலைவான்," என்றாள். "யாராவது அவனிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். நீங்கள் பெரியவர். முதலில் நீங்கள் நம்புங்கள்."

சட்டையை அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

திரும்பும் வழியில் ஞானாபரணம் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்த்தார். அகப்படவில்லை. தான் படித்தது இலக்கணம்தான், வைத்தியம் இல்லை என்று சமாதானம் செய்துகொண்டார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் பார்த்தார்.

அக்கா அதே இடத்தில் இருந்தார்.

"செத்த ஒருத்தர் உசுரோட இருக்காருன்னு சொல்லத்தானே அக்கா கப்பல் ஏறினோம்? இங்க உசுரோட இருக்கவனையே நம்ப மாட்டேங்காங்களே."

"ஊர்ல ஈஸ்டர் ஆராதனையில அந்தச் சேதியைத்தானே சொல்லுவாங்க. கேட்டுட்டு யாராவது பயந்து பார்த்திருக்கீங்களா?"

அவர் யோசித்தார். "இல்ல. கோயிலுக்கு வெளிய நின்னு கொஞ்ச நேரம் பேசுவோம். பிறகு வீட்டுக்குப் போனா ஆட்டுக்கறி."

"லேமுகிட்ட நானும் அதைச் சொல்லியிருக்கேன். அப்போ அவ மகன் இருந்தான். முழுசாக் கேட்டா. நல்ல கதைன்னு சொல்லிட்டு மீன் காயப்போடப் போயிட்டா."

"இப்போ?"

"இப்போ நீங்க போய்ச் சொல்லுங்க."

"என்னையச் செத்தவன்னு நினைக்கிறவகிட்டயா?"

"அவகிட்டதான்."

ஞானாபரணம் கையிலிருந்ததைப் பார்த்தார். "அப்போ இந்தச் சட்டையை என்ன செய்ய? திருப்பிக் கொடுக்கணுமா, நானே வச்சுக்கிடணுமா?"

"மொதல்ல சேதியைச் சொல்லுங்க அண்ணாச்சி," என்றார் அக்கா. "அவன் வந்தா போட்டுக்கிட ஒரு சட்டை வேணுமா, வேண்டாமான்னு அவளே சொல்லுவா."