பிறகுங்கிற பொத்தான்

குருன்னதும் தாடி, காவி, மரத்தடின்னு போயிராதீங்க. இந்தக் கதையில குரு இருபத்தெட்டு வயசுப் பொண்ணு. பேரு சகாயமேரி. மானாமதுரை பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, செருப்புக்கடைக்கும் டீக்கடைக்கும் நடுவுல, ரெண்டே ரெண்டு கம்ப்யூட்டரை வெச்சு பிரவுசிங் சென்டர் நடத்தறாங்க.

சிஷ்யன் வெள்ளைச்சாமி. நாப்பதைத் தாண்டின ஆளு. மினி பஸ் டிரைவரா இருந்தவரு. முதுகெலும்புல தேய்மானம், இனி ஸ்டீயரிங்கையே தொடக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. "உக்காந்து பாக்கற வேலையா பாருங்க"ன்னு வீட்டுல சொன்னாங்க. "பஸ்ஸ மட்டும் நின்னுக்கிட்டா ஓட்டுனேன்?"னு முணுமுணுத்துக்கிட்டே வந்து சேந்தவரு.

டீக்கடையில இருக்கறவர் டீ மாஸ்டர். சந்துக்குள்ள இருக்கறவர் டெய்லர் மாஸ்டர். அந்தக் கணக்குல வெள்ளைச்சாமிக்கு சகாயமேரியும் மாஸ்டர்.

"அண்ணே, பேரச் சொல்லியே கூப்பிடுங்கண்ணே. கூச்சமா இருக்கு."

"தொழில் சொல்லிக் குடுக்கறவங்களப் பேரு சொல்லிக் கூப்பிட்டா கை வராது மாஸ்டர்."

மாஸ்டர் சிரிச்சுட்டு விட்டுட்டாங்க. வெள்ளைச்சாமிக்கு வசதியா இருக்கட்டும்னு கம்ப்யூட்டர்ல எழுத்தெல்லாம் தமிழ்ல வர்ற மாதிரி மாத்தி வெச்சாங்க.

சேந்த புதுசுல ஒருநாள், திரையில ஒரு கட்டம் எந்திருச்சு வந்து நின்னுச்சு.

"மாஸ்டர், இது என்னமோ கேக்குது."

"என்னண்ணே கேக்குது?"

"புதுப்பிப்பு தயாரா இருக்காம். இப்போதா, பிறகாங்குது."

"எதிர்ல ஆள் இருக்காங்களா?"

எதிர்ல செவப்பு பிளாஸ்டிக் சேர்ல ஒருத்தர் மக ஜாதகத்தை பிரிண்ட் எடுக்க உக்காந்திருந்தாரு.

"இருக்காரு."

"அப்ப 'பிறகு' அழுத்துங்க."

அழுத்துனாரு. கட்டம் மாயமா மறைஞ்சுபோச்சு! வெள்ளைச்சாமி கம்ப்யூட்டர்ல தனியா செஞ்ச மொதல் வேலை அதுதான். அன்னிக்குச் சாயங்காலம் டீக்கடையில நின்னு, "அது பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே வரும்யா. நாம அசரக் கூடாது"ன்னு எல்லாருக்கும் விளக்கினாரு.

மாஸ்டர் கேட்ட கேள்வி மறந்துபோச்சு. சொன்ன பதில் மட்டும் மனசுல நின்னுச்சு.

மத்தியானத்துல கடைக்கு ஈ காக்கா வராது. மாஸ்டர் சாப்பிட வீட்டுக்குப் போயிருவாங்க. வெள்ளைச்சாமி முதுகுக்கு எதமா அந்த செவப்புச் சேரை இழுத்துக் காலைத் தூக்கிப் போட்டுக்கிட்டு மாட்டுவண்டிப் பந்தய வீடியோ பாப்பாரு. வண்டி எல்லையத் தொடற நேரம் பாத்து அந்தக் கட்டம் வந்து மறைக்கும். கண்ணை எடுக்காமலே, கொசு அடிக்கற மாதிரி, பட்டுன்னு 'பிறகு'.

ஆனா மனுசன் விவரம் கெட்டவர் இல்ல. ஒருநாள் கேட்டுட்டாரு.

"மாஸ்டர், ஒரு சந்தேகம். பஸ்ஸுன்னா எப்ப எஞ்சினைப் பிரிக்கணும், எப்ப ஆயில் மாத்தணும்னு எனக்குத் தெரியும். இந்தப் பெட்டிக்கு உள்ள இருக்கறத எப்பத்தான் புதுசாக்கறது? கேட்டதும் மாத்திரணுமா? இல்ல, ஓடற வரைக்கும் ஓட்டணுமா?"

மாஸ்டர் கையில ஒரு ரேஷன் கார்டு. லேமினேஷன் மெஷின் சூடாகிக்கிட்டு இருந்துச்சு.

"நல்ல கேள்விண்ணே. இத முடிச்சிட்டு அப்பறம் சொல்றேன்."

முடிச்சாங்க. அடுத்து ஒருத்தர் வந்தாரு. அதுக்கடுத்து ஒருத்தர்.

மூலையில இருந்த பழைய கம்ப்யூட்டருக்கும் அதே கதைதான். அதுல கைய வெச்சா ஸ்கேனர் வேலை செய்யாம போயிரும்னு மாஸ்டருக்குப் பயம். அந்த ஸ்கேனரு அவங்க அப்பா வாங்கிக் குடுத்தது, அது பழகினதும் அந்தப் பழசோட மட்டுந்தான். அதனால மாஸ்டரே அதைப் பல வருசமா தொடாம வெச்சிருந்தாங்க.

அப்பறம் அந்த நாள் வந்துச்சு.

சிவகங்கைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் சரிபண்ண மாஸ்டர் காலையிலயே கெளம்பிட்டாங்க. "நீங்கதான் இருக்கீங்களேண்ணே"ன்னு சாவியக் குடுத்துட்டுப் போனாங்க. வெள்ளைச்சாமிக்கு நெஞ்சு நிமிந்துபோச்சு. மறுபடி ஒரு வண்டிய நம்பிக் குடுத்த மாதிரி இருந்துச்சு அவருக்கு.

வெயில் எறங்கற நேரத்துல ஒரு பொம்பள ஓட்டமும் நடையுமா வந்துச்சு. பேரு காளீஸ்வரி. கையில ஜவுளிக்கடைக் கவர். அதுக்குள்ள சர்டிபிகேட்டு.

"அண்ணே, அரசாங்கப் பரிச்சைக்கு அப்ளிகேசன் போடணும். இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணியோட முடியுதாம்."

"உக்காரும்மா, போட்டுருவோம். வயசு வரம்பெல்லாம் சரியா இருக்கா?"

"இந்த வருசந்தாண்ணே கடைசி. அடுத்த தடவை வர்றப்ப எனக்கு வயசு தாண்டிரும்."

"ஏம்மா, கடைசி வருசம், அதுலயும் கடைசி நாளு. முன்னாடியே வந்திருக்கக் கூடாதா?"

காளீஸ்வரி முந்தானையால மொகத்தத் தொடச்சுக்கிட்டே சிரிச்சுச்சு.

"முன்னாடின்னா எப்பண்ணே? பன்னெண்டாவது முடிச்சப்ப எங்கப்பா, கல்யாணம் முடியட்டும், அப்பறம் பாப்பம்னாரு. கல்யாணம் முடிஞ்சப்ப எங்க மாமியா, ஒரு பிள்ளை பொறக்கட்டும், அப்பறம் பாப்பம்னாங்க. பிள்ளை பொறந்தப்ப அவரு, இது பள்ளிக்கூடம் போகட்டும், அப்பறம்னாரு. இப்ப அது ஒம்பதாவது படிக்குது."

"இன்னிக்கு மட்டும் எப்படி விட்டாங்க?"

"யாரு விட்டா? மாமியாவுக்கு மாத்திரை வாங்க வந்திருக்கேன்."

கவருக்குள்ள சர்டிபிகேட்டுக்கு மேல மாத்திரை அட்டை இருந்துச்சு.

வெள்ளைச்சாமி சட்டைக் கையை மடிச்சு விட்டாரு. பழைய கம்ப்யூட்டர்ல போட்டோவையும் கையெழுத்தையும் ஸ்கேன் எடுத்தாரு. பென்டிரைவ்ல ஏத்திப் புதுக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்தாரு. ரெண்டு வெரலுலதான் டைப் அடிப்பாரு, ஆனா தப்பில்லாம அடிப்பாரு. கடைசி நாளுங்கறதால ஊரே அந்த வெப்சைட்டுல முட்டுது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அந்த வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது.

அப்பத்தான் கட்டம் வந்துச்சு.

பாக்காமலே அந்த எடத்துல பட்டுன்னு அழுத்துனாரு. போகல. மறுபடி அழுத்துனாரு. போகல. குனிஞ்சு உத்துப் பாத்தாரு.

'பிறகு'ங்கிற பொத்தானையே காணோம்.

இருந்தது 'இப்போது'ன்னு ஒரே ஒரு பொத்தான். கீழ ஒரு வரி: 'இனி ஒத்திவைக்க இயலாது.' பக்கத்துல நிமிசம் எறங்கிக்கிட்டே வருது.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்லம்மா. நீ அப்பா பேரச் சொல்லு."

சொல்லுச்சு. வெள்ளைச்சாமி அடிச்சாரு பாருங்க, வாழ்க்கையில அப்படி அடிச்சதில்ல! எறங்கற நிமிசத்தப் பாக்கறாரு, அடிக்கறாரு. முகவரி, படிப்பு, பள்ளிக்கூடம், போட்டோ, கையெழுத்து. கடைசிப் பக்கமும் வந்துருச்சு. 'சமர்ப்பி'ன்னு இருந்தத அழுத்துனாரு. வட்டம் சுத்துச்சு.

திரை இருண்டுச்சு. அப்பறம் நீலமா வந்துச்சு.

'புதுப்பிக்கிறது. கணினியை அணைக்க வேண்டாம். காத்திருக்கவும்.'

காளீஸ்வரி அதை எழுத்துக் கூட்டற மாதிரி மெதுவாப் படிச்சுச்சு.

"இதுவுமாண்ணே?"

வெள்ளைச்சாமி தன்னோட பட்டன் செல்லை எடுத்தாரு. மாஸ்டருக்குப் போன் போட்டாரு. அவங்க பஸ்ல இருந்தாங்க.

"பதறாதீங்கண்ணே. பழசுல போட்டுப் பாருங்க."

பழசுல போட்டாரு. வெப்சைட்டு தொறக்கவே இல்ல.

"மாஸ்டர், இந்த மென்பொருள் ரொம்பப் பழசாம், இதுல தொறக்காதாம்."

போன்ல பஸ் எரைச்சல் மட்டும் கேட்டுச்சு.

செருப்புக்கடைக்காரர் ஓடியாந்து தன்னோட டச் செல்லைக் குடுத்தாரு. அதுல சைட்டு தொறந்துச்சு. அடிச்சதையெல்லாம் மொதல்ல இருந்து அடிச்சாங்க. ஆனா பென்டிரைவைச் செல்லுல சொருக முடியல. போட்டோவைச் செல்லாலயே படம் புடிச்சு ஏத்துனா, அளவு பெருசுன்னு திருப்பித் திருப்பித் துப்புச்சு. நீலத் திரையில சதவீதம் நத்தை மாதிரி ஏறுது. காளீஸ்வரி செவப்புச் சேர்ல, கவரை மடியில வெச்சு, கண்ணெடுக்காம அதையே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

செல்லுல கடைசியா ஒரு பக்கம் வந்துச்சு. 'விண்ணப்பிக்கும் காலம் முடிவடைந்தது.'

செருப்புக்கடைக்காரர் செல்லை வாங்கிக்கிட்டுப் போயிட்டாரு.

கொஞ்ச நேரத்துல கம்ப்யூட்டரு எந்திருச்சுச்சு. குளிச்சுட்டு வந்த மாதிரி பளிச்சுன்னு! 'வணக்கம். எல்லாம் தயார்'னு சொல்லுச்சு.

மாஸ்டர் ரோட்டைத் தாண்டி ஓடி வர்றாங்க. திரையப் பாத்தாங்க, காளீஸ்வரியப் பாத்தாங்க.

காளீஸ்வரி சர்டிபிகேட்ட ஒண்ணொண்ணா அடுக்கிக் கவருக்குள்ள வெச்சுச்சு. மாத்திரை இருக்கான்னு ஒருதரம் பாத்துக்கிச்சு.

"என்னைத் திட்டிட்டாவது போம்மா"ன்னாரு வெள்ளைச்சாமி.

"எத்தனை பேரண்ணே திட்டறது?"

ஊருக்குப் போற பஸ்ஸு ஹாரன் அடிச்சுச்சு. காளீஸ்வரி ஓடிப் போயி ஏறிக்கிச்சு. சேர் காலியாக் கெடந்துச்சு.

வெள்ளைச்சாமி பஸ்ஸு போன தெசையப் பாத்துக்கிட்டே சொன்னாரு.

"அந்தம்மாவும் கடைசி நாள் வரைக்கும்..."

மாஸ்டர் திரும்பிப் பாத்தாங்க. கோவமெல்லாம் இல்ல, சும்மாதான் பாத்தாங்க. வெள்ளைச்சாமி பாதியிலயே நிறுத்திட்டாரு.

மறுநாள் காலையில மாஸ்டர் கடையத் தொறந்து, ஷட்டரை மறுபடி பாதிக்கு எறக்கி விட்டாங்க. வெள்ளைச்சாமி வழக்கம்போல உள்பக்கம் போகப் போனாரு.

"அங்க வேணாம்ணே. இதுல உக்காருங்க."

செவப்புச் சேரைக் காட்டுனாங்க. உக்காந்தாரு. அதுல கால் போட்டுத்தான் பழக்கம். உக்காந்து பாக்கறது இதான் மொதல் தடவை. அங்கேருந்து பாத்தா கடையே வேற மாதிரி இருந்துச்சு. திரையில பாதிதான் தெரியுது. உள்ள உக்காந்திருக்கறவங்க கை என்ன செய்யுதுன்னே தெரியல.

மாஸ்டர் மூலைக்குப் போயி பழைய கம்ப்யூட்டரைப் போட்டாங்க. பல வருசமா நிக்கற கட்டம் வந்துச்சு.

"மாஸ்டர், ஸ்கேனரு?"

"வேலை செஞ்சா பாப்போம். செய்யலைன்னா வேற பாப்போம்."

'இப்போது'ன்னு இருந்தத அழுத்துனாங்க. நீலம் வந்துச்சு. சதவீதம் ஏற ஆரம்பிச்சுச்சு.

ஷட்டருக்கு வெளிய ஒருத்தர் தட்டுனாரு. "ஆதார் பிரிண்டு எடுக்கணும்."

"இப்ப முடியாதுங்க. மத்தியானத்துக்கு மேல வாங்க"ன்னாங்க மாஸ்டர்.

ஷட்டருக்குக் கீழ கால்கள் மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. பஸ்ஸு வந்து நிக்கறப்பல்லாம் வெள்ளைச்சாமி குனிஞ்சு பாத்தாரு. எறங்கற கால்ல ஒண்ணு அந்தம்மா காலா இருக்குமோன்னு. அந்தம்மா என்ன செருப்புப் போட்டிருந்துச்சுன்னே அவருக்கு ஞாபகம் இல்ல.

நீலத் திரை அப்படியே நின்னுச்சு. முதுகு வலிக்குது. வெள்ளைச்சாமி எந்திரிக்கல.

"மாஸ்டர்."

"சொல்லுங்கண்ணே."

"அன்னிக்கு ஒண்ணு கேட்டேன்."

"கேட்டீங்க. நாந்தான் அப்பறம் சொல்றேன்னேன்."

"இப்பச் சொல்லுங்க. எப்பத்தான் மாஸ்டர் இத மாத்தணும்?"

"நீங்க உக்காந்திருக்கற சேர் காலியா இருக்கறப்பண்ணே."

வெள்ளைச்சாமி யோசிச்சாரு. சேரோட கைப்பிடியத் தடவிப் பாத்தாரு.

"இது மத்தியானம் பூராம் காலியாத்தான மாஸ்டர் கெடக்கும்?"

"ஆமாண்ணே. காலியாத்தான் கெடந்துச்சு."