கண்ணாடி ராஜாவின் மீசை

பூதங்குடிச் சீமையை ஆண்ட சிங்காரப் பூபதி ராஜாவுக்குப் பிரெஞ்சுப் பைத்தியம் பிடித்திருந்த காலம். காரைக்காலுக்குக் கப்பல் வந்தால் போதும், அரண்மனைக்கு ஏதாவது ஒரு வளைந்து நெளிந்த சாமான் வந்து சேரும். நாற்காலிக்கு ஆட்டுக்கால். மேசைக்குச் சிங்கக்கால். கடைசியாக வந்தது ஒரு கண்ணாடி.

அது இரண்டு ஆள் உயரம். சட்டம் முழுக்கத் தங்கப் பூச்சு. சட்டத்தில் கொடி, கொடியில் திராட்சை, திராட்சைக்கு நடுவே சிப்பி, சிப்பிக்கு மேலே இறக்கை முளைத்த கொழுகொழு பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கும் இடுப்பில் துணி இல்லை. ராணியம்மா முகத்தைச் சுளித்தார். தையற்காரரைக் கூப்பிட்டு, அத்தனைக்கும் சிவப்புப் பட்டில் கோவணம் கட்டச் சொல்லிவிட்டார்.

கண்ணாடியை வரவழைத்தவர் துபாஷ் வேதாசலம். வெள்ளைக்காரர் பேசுவதை ராஜாவுக்குத் தமிழில் சொல்வது அவர் வேலை. அவர்கள் பேசாததையும் சேர்த்தே சொல்வார். கண்ணாடியைச் சிம்மாசனத்துக்கு நேர் எதிரே மாட்டச் சொன்னவரும் அவர்தான். அதோடு விட்டாரா?

“மகாராஜா, இதில் தெரிவதும் தாங்கள்தானே? அந்த ராஜாவுக்கும் அதே மரியாதை வேண்டாமா?”

ராஜா குளிர்ந்துபோய் உத்தரவு போட்டுவிட்டார்.

அங்கேதான் வந்தது வினை. அந்தச் சபையில் ராஜாவுக்கு யாரும் முதுகு காட்டக் கூடாது. காட்டினால் மீசையை மழித்துவிடுவார்கள். இப்போது முன்னால் ஒரு ராஜா, பின்னால் ஒரு ராஜா. மனிதன் முதுகை எங்கே கொண்டுபோய் வைப்பான்?

இதெல்லாம் நடந்தபோது சாத்தையா ஊரில் இல்லை. ராஜாவைச் சிரிக்கவைத்துப் பிழைப்பவர் அவர். மகள் கல்யாணத்துக்குச் சொந்தபந்தங்களை அழைக்கப் போயிருந்தார். திரும்பிவந்து சபைக்குள் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். தளபதி நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்து போனார். எதிரே புலவர் இன்னொரு நண்டாக வந்தார். இருவரும் மோதிக்கொண்டு, முதுகைத் திருப்பாமலே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள்.

‘அத்தனை பேருக்கும் ஒரே நாளில் இடுப்புப் பிடித்துக்கொண்டதா?’ என்று சாத்தையா விழித்தார்.

“வாரும் சாத்தையா! நடுவில் வாரும்! மகாராஜா உம்மைத் தேடித் தேடி இளைத்துவிட்டார்!” என்றார் துபாஷ். குரலில் தேன் ஒழுகியது.

போன பொங்கலுக்கு ராஜா தனக்குக் கொடுத்த சால்வையை, ‘வெள்ளைக்கார விருந்தாளிக்கு வேண்டும்’ என்று வாங்கிப்போய்த் தானே போர்த்திக்கொண்ட ஆள் இவர் என்பதைச் சாத்தையா ஒருநாளும் மறந்ததில்லை. அன்றைக்கு மட்டும் கல்யாண அலைச்சலில் மறந்துபோனார். நேரே நடுவில் போய் ராஜாவைக் கும்பிட்டார்.

“முதுகு! முதுகு!” துபாஷ் துள்ளிக் குதித்தார். “கண்ணாடி ராஜாவுக்கு முதுகைக் காட்டிவிட்டான்! கூப்பிடு நாவிதரை!”

விஷயத்தைக் கேட்டதும் சாத்தையா இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டார். அந்தச் சீமையில் அப்பனோ ஆத்தாளோ செத்தால்தான் மீசையை எடுப்பார்கள். பெண்ணைப் பெற்றவன் மொட்டை உதட்டோடு நின்றால், சம்பந்தி வீட்டார் துக்க வீடு என்று வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

“மகாராஜா, விடிந்தால் என் மகள் கல்யாணம்.”

“தெரியுமப்பா.” ராஜா நெளிந்தார். “ஆனால் நானே போட்ட உத்தரவாயிற்றே.”

நாவிதர் மாயழகு பிரெஞ்சு சோப்பை நுரைக்க ஆரம்பித்தார். சாத்தையா ஓரக்கண்ணால் கண்ணாடியைப் பார்த்தார்.

“தண்டனைக்குத் தயார், மகாராஜா. ஒரே ஒரு சந்தேகம். கண்ணாடிக்குள்ளே ஒரு ராஜா இருந்தால், அங்கே ஒரு சாத்தையாவும் இருக்கிறானே?”

“இருக்கிறான்.”

“நான் தங்கள் ஆள். தங்களைப் பார்த்து நிற்கிறேன். அவன் யாரைப் பார்த்து நிற்கிறான்?”

ராஜா எட்டிப் பார்த்தார். “உள்ளே இருக்கிற ராஜாவைப் பார்த்து.”

“அப்படியானால் தங்களுக்கு முதுகு காட்டுகிறவன் யார்? நான் காட்டிய முதுகை அந்த ராஜா விசாரிக்கட்டும். தங்களுக்கு முதுகு காட்டிய அந்தப் பயலைத் தாங்கள் சும்மா விடலாமா?”

“விடவே கூடாது!” ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

துபாஷுக்கு ஒரே கொண்டாட்டம். “ஆஹா! முதலில் அவனைச் சிரைக்கட்டும், பிறகு இவனை! போ மாயழகு, பூசு!”

“கண்ணாடிக்கு எப்படிங்க சிரைக்கிறது?”

“பூசு என்றால் பூசு!”

“சிரைத்து முடியும்வரை முதுகுக் கணக்கு இல்லை,” என்று ராஜா சொல்ல, சாத்தையா கண்ணாடிக்குப் பக்கத்திலேயே போய், முகம் கொடுத்து ஆடாமல் நின்றார். மாயழகு கண்ணாடியில் மீசை தெரிந்த இடத்தில் நுரையை அப்பினார். சபை கழுத்தை நீட்டியது. ராஜாவுக்கும் இருப்புக் கொள்ளவில்லை. சிம்மாசனத்தை விட்டு இறங்கி வந்தார்.

“இப்படி நின்று பாருங்கள், மகாராஜா,” என்று சாத்தையா பணிவாக விலகி இடம் விட்டார்.

இருவரும் ஒரே உயரம். நுரை அச்சாகக் கண்ணாடி ராஜாவின் மீசைமேல் போய் உட்கார்ந்துகொண்டது. மாயழகின் கத்தி அந்தரத்தில் நின்றது.

பின்னால் நின்ற துபாஷுக்கு ஒன்றும் தெரியவில்லை. “ஏன் நிற்கிறாய்? சிரை! ஒரு முடி விடாமல் எடு!” என்று கத்தினார்.

சபையில் ஆளாளுக்கு வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

“துபாஷ் ஐயா,” என்றார் சாத்தையா மெதுவாக, “யார் மீசையை எடுக்கச் சொல்கிறீர்?”

துபாஷ் எட்டிப் பார்த்தார். நுரைக்கு மேலே ராஜாவின் இரண்டு கண்களும் அவரை முறைத்தன. தொப்பென்று காலில் விழுந்தார்.

“மகாராஜா! அது தாங்கள் இல்லை! வெறும் கண்ணாடி! ரசம் பூசிய வெறும் கண்ணாடி!”

“உரக்கச் சொல்லும். புலவருக்குக் காது மந்தம்,” என்றார் சாத்தையா.

“வெறும் கண்ணாடி!” என்று அலறினார் துபாஷ்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உத்தரவு அந்த இடத்திலேயே ரத்தானது. தளபதி கண்ணாடி வந்த பிறகு முதல் தடவையாக நேராக நடந்து பார்த்துவிட்டுக் கண்கலங்கினார்.

“சாத்தையா, கல்யாணத்துக்குச் சபையோடு வருகிறேன். சாப்பாடு என் செலவு. இந்தத் துபாஷை என்ன செய்யலாம், சொல்லும்.”

“பாவம் மகாராஜா, அவர் மீசையைத் தொட வேண்டாம். கண்ணாடிக்குள் இருக்கிற துபாஷின் மீசையை மட்டும் மாயழகு எடுக்கட்டும். எடுத்து முடிக்கும்வரை இவர் ஆடாமல் நின்றால் போதும்.”

மறுநாள் கல்யாணம் முடிந்து, பந்தியில் பாயசம் குடித்து, வெற்றிலை மென்றபடி சபை திரும்பி வந்தது. துபாஷ் அதே இடத்தில் விறைத்து நின்றார். மாயழகு கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்:

“இன்னும் ஒரு முடிகூட வரலீங்க, மகாராஜா!”