பூவலிங்கத்துக்கு மண்டபம் கிடைத்த கதை

இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் நாக்கு இந்த இடத்திலேயே சுருண்டு விழட்டும். நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. கொஞ்சம் குறைத்திருக்கிறேன், அதுவும் நீங்கள் நம்பவேண்டுமே என்பதற்காக.

கோணம்பட்டி கல்யாண மண்டபத்தில் எந்தத் தேதி காலி என்று சொல்ல ஒரு கம்ப்யூட்டர். அதைக் கட்டி மேய்க்கப் பூவலிங்கமும் அவன் மச்சான் அம்பலமும். லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடிய புரோகிராமை சி மொழியில் யாரோ எப்போதோ எழுதிவைத்திருந்தார்கள். அதைப் பைத்தான் என்ற இன்னொரு மொழிக்கு மாற்றும்வரை யாருக்கும் தேதி கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார்.

வருகிற வெள்ளிக்கிழமை பூவலிங்கத்துக்கே முகூர்த்தம். மண்டபம் காலி என்று கம்ப்யூட்டர் சொன்னால்தான் ஆச்சு, இல்லையென்றால் செண்பகத்தை அவள் அத்தை மகனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று பெண்ணின் அப்பா கறாராக நின்றார்.

பட்டணத்து இஞ்சினியரம்மா ஒருவர் போனில் வழி சொன்னார். பைத்தானில் வரிக்கடைசியில் அரைப்புள்ளி வேண்டாமாம். பழைய புரோகிராமில் வரிக்கு வரி இருந்த அரைப்புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். எறிய மனசு வராமல் ஒரு கோப்பில் சேர்த்துப் பூட்டிவைத்தார்கள்.

இடப்பக்கம் இடம் விட்டு, உள்ளே தள்ளித் தள்ளி எழுதவேண்டும் என்றார். இரண்டு பேரும் மேசையை உள்ளே தள்ளித் தள்ளி எழுதினார்கள். பாதி எழுதுவதற்குள் சமையற்கட்டு வந்துவிட்டது. மீதியை ரச அண்டாவின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினார்கள்.

லினக்ஸ் கடவுச்சொல் கேட்டது. அடித்தால் திரையில் ஒன்றும் தெரியவில்லை.

"அது கண்ணை மூடிக்கிட்டிருக்கு மாப்ளே. அடுத்தவங்க ரகசியத்தைப் பாக்கக்கூடாதுன்னு," என்றான் அம்பலம்.

அதற்கு இருக்கிற நாகரிகம் நமக்கு இல்லையா என்று இவர்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடித்தார்கள். அது திறப்பதற்குள் பொழுது போய்விட்டது.

"பழசு சொல்ற அதே பதிலைப் புதுசும் சொல்லணும்," என்றார் இஞ்சினியரம்மா. பூவலிங்கம் எழுதியதையெல்லாம் அழித்துவிட்டு ஒரே வரி எழுதினான்: பழசைக் கேட்டுச் சொல். பதில் அச்சு அசலாக வந்தது. அவர் பூரித்துப்போய், இனிமேல் பழசிடம் யார் கேட்டாலும் புதுசிடம் அனுப்பிவிடுங்கள் என்றார். பழசிலும் ஒரே வரி எழுதினான்: புதுசைக் கேட்டுச் சொல்.

வெள்ளிக்கிழமை காலை, வெள்ளிக்கிழமை காலியா என்று கேட்டான். புதுசு பழசைக் கேட்டது. பழசு புதுசைக் கேட்டது. கம்ப்யூட்டரின் விசிறி மாவு மில் மாதிரி இரைந்தது.

"பழுதா மச்சான்?"

"பழுதா? ஒருத்தரை ஒருத்தர் கலக்காம முடிவெடுக்கமாட்டேங்குதுங்க. பெரிய மனுஷத்தனம்."

செண்பகத்தின் அப்பா வந்து இரைச்சலைக் கேட்டார். அவரும் கோணம்பட்டிதான். கண் கலங்கிவிட்டது. "என் கல்யாணத்துக்கு யாருமே இவ்வளவு யோசிக்கலை மாப்பிள்ளை," என்று பந்தலடியில் உட்கார்ந்துவிட்டார். சொந்தபந்தமும் வந்து காத்திருந்தது. முகூர்த்தம் தப்பிவிடும் என்று ஐயர் அவசரப்படுத்தவே, சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்தில் தாலியைக் கட்டிவைத்தார்கள். பந்தி நடந்தது. பாயசம் தீர்ந்தது. பதில் வரவில்லை.

மறுநாள் இஞ்சினியரம்மாவே பஸ் பிடித்து வந்தார். தலையில் அடித்துக்கொண்டு புரோகிராமை ஒழுங்காக எழுதி, நடந்த கல்யாணத்தையும் அதில் பதிந்துவிட்டுப் போனார்.

பூவலிங்கம் சாமியைக் கும்பிட்டுவிட்டு மறுபடி கேட்டான். கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது: வெள்ளிக்கிழமை காலி இல்லை. பூவலிங்கம், செண்பகம் திருமணம்.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"போச்சு மச்சான். எவனோ பூவலிங்கமாம், முந்திக்கிட்டான். பொண்ணு பேரு கூட செண்பகமாம்."

"விடு மாப்ளே. ஊர்ல வேற மண்டபமே இல்லையா?"

இரண்டு பேரும் இப்போது வேறு மண்டபம் தேடி அலைகிறார்கள். செண்பகமும் கூடவே போகிறாள், கழுத்து மாலையோடு.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். அடுத்த கல்யாணத்துக்கும் எனக்குப் பத்திரிகை வைத்திருக்கிறார்கள், பாயசம் கெட்டுவிடும்.