மாடக்கண்ணு வாங்கிய சைக்கிள் பை

புளியம்பாறையில் மாடக்கண்ணுவைக் கெட்டவன் என்று யாரும் சொன்னதில்லை. வேறு மாதிரி சொல்வார்கள். அவனும் அவன் கூட்டாளிகள் சொரிமுத்துவும் அய்யாக்குட்டியும் பக்கத்து ஊர் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தார்கள். மூவருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள். ஒருவன் மிதிப்பான், மற்ற இருவரும் கூடவே ஓடுவார்கள்.

அன்று ஹேண்டில்பாரில் தொங்கிய தூக்குச்சட்டி முன்சக்கரத்தில் மாட்டி, சோறும் மாடக்கண்ணுவும் ரோட்டில் கிடந்தார்கள். ஆபீசுக்குப் போகும்போது வெயில் ஏறிவிட்டது.

"ஒழுங்கா ஒரு பை வாங்கிக் கேரியர்ல மாட்டுங்க," என்றார் போர்மேன். "நாளைக்கும் லேட்டுன்னா இந்தப் பக்கமே வராதீங்க."

 அந்த வேலையை விட்டால் மாடக்கண்ணுவை வேறு யார் சேர்த்துக்கொள்வார்கள்?

சாயங்காலம் மூவரும் பைக்கடைக்குப் போனார்கள். கேரியரின் இரண்டு பக்கமும் தொங்குகிற பெரிய தார்ப்பாய்ப் பையைக் கடைக்காரர் எடுத்துப் போட்டார். "மழைத்தண்ணி ஒரு சொட்டு உள்ள போகாது. வேணும்னா ஊத்திப் பாருங்க."

அய்யாக்குட்டி ஒரு குடம் தண்ணீரைப் பையின் வாய்க்குள் ஊற்றினான். மூவரும் எட்டிப் பார்த்தார்கள்.

"போகாதுன்னாரு, போயிருச்சே," என்றான் மாடக்கண்ணு.

சொரிமுத்து தாடையைத் தடவினான். "நாம ஊத்துனது குழாத்தண்ணி. அவரு மழைத்தண்ணியைத்தான சொன்னாரு."

நியாயம்தான் என்று பட்டது. வாங்கிவிட்டார்கள்.

"ரெண்டு பக்கமும் பாரம் சமமா இருக்கணும்," என்று சொல்லி அனுப்பினார் கடைக்காரர்.

மறுநாள் காலையில் மூவர் சோறும் ஒரே தூக்குச்சட்டியில் வலது பைக்குள் போனது. அதே கனத்துக்கு ஒரு கல்லைத் தேடி இடது பையில் வைத்தார்கள். சைக்கிள் ஆடாமல் அசையாமல் போனது. சங்கு ஊதுமுன்பே ஆபீஸ் வாசலில் நின்றார்கள். போர்மேன் சிரித்ததை மாடக்கண்ணு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான்.

சாயங்காலம் கிளம்பும்போதுதான் சிக்கல் வந்தது. சைக்கிள் இடது பக்கமாகச் சாய்ந்தது.

"சோறு இல்லேல்லா, அதான்," என்றான் அய்யாக்குட்டி.

"சோறு எங்க போச்சு?" என்று கேட்டான் சொரிமுத்து.

"மாடக்கண்ணுதான் ரொம்பத் தின்னான். அவன் வயித்துலதான் இருக்கு."

"அப்ப சோறு இருக்க வேண்டிய இடத்துல அவன் இருக்கணும்."

மாடக்கண்ணு யோசித்துப் பார்த்தான். மறுத்துப் பேச வழியில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வலது பைக்குள் இறங்கினான். சைக்கிள் இப்போது வலது பக்கமாகச் சாய்ந்தது. உடனே சொரிமுத்து இடது பைக்குள் இறங்கினான். அவன் காலடியில் கல் கிடந்ததால் அந்தப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகத் தாழ்ந்தது. அய்யாக்குட்டி கல்லை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டான். சைக்கிள் நேராக நின்றது. ஒரு கையால் கல்லைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தள்ளத் தொடங்கினான்.

வாசலில் நின்ற போர்மேன் சைக்கிளை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். அப்புறம் கேட்டார்: "ஏம்ப்பா, சைக்கிளை யாரு ஓட்டுறது?"

மாடக்கண்ணு பைக்குள்ளிருந்தே மரியாதையாகக் கும்பிட்டான்.

"யாரும் ஓட்டலை சார். சீட்டு காலியாத்தான் இருக்கு. ஏறி உக்காருங்க, போற வழியில எறக்கி விட்டுட்டுப் போறோம்."