ஆட்காட்டி வாய்மூடிய உச்சிப்பொழுது

வறண்ட ஓடைக்கரையில் ஓர் ஆட்காட்டிக் குருவி இருந்தாள். அவள் குரல் கேட்காத நாளே அந்தக் காட்டில் கிடையாது. பருந்து வந்தால் கத்துவாள். காட்டுப்பூனை வந்தால் கத்துவாள். மாடு மேய வந்தாலும் கத்துவாள்.

"என் தொண்டை மட்டும் இல்லேன்னா உங்கள்ல பாதிப் பேர் என்னைக்கோ செத்திருப்பீங்க!" என்று முகத்துக்கு நேரே சொல்லுவாள். அது பொய்யும் அல்ல. அதற்காக யாரும் அவளுக்கு நன்றி சொன்னதும் இல்லை.

ஆட்காட்டிக் குலத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டை கிழக்கே இருந்தால் மேற்கே போய் நின்று கத்தும். பகைவன் சத்தத்தை நம்பி மேற்கே போவான். முட்டை தப்பும். இவளும் அப்படித்தான் பழகியிருந்தாள். ஆபத்தின் பக்கத்தில் போய் நிற்பது அவள் கால்களுக்குத் தெரியாத வேலை.

ஓடை வளைவில் பட்டுப்போன மருத மரம் ஒன்று நின்றது. அதில் பறவை உட்காராது. எறும்பும் ஏறாது. அடிமரத்தில் ஒரு பெரிய பொந்து. பொந்து வாயிலிருந்து ஓடை மணல்வரை புல் ஒரே வாக்கில் படிந்து கிடக்கும். அந்த வழியே யாரும் நடந்து கண்டதில்லை. காற்றே அடிக்காத உச்சிப்பொழுதில், பொந்துக்குள்ளே எதுவோ நீளமாக மூச்சு விடும்.

அதைப் பார்த்தும் அவள் கத்தினாள். அக்கரைப் பாறைமேல் நின்று, நாள் தவறாமல் கத்தினாள்.

மழைக்காலம் நெருங்கியது. குட்டிகளெல்லாம் குச்சியும் தழையும் சேர்த்துக் குடில் கட்டி விளையாடத் தொடங்கின. ஒரு குடில் சரிந்து அணில்பிள்ளையின் வால் நசுங்கியது. உடனே காட்டுச்சபை கூடியது.

"இனி எந்தக் குட்டியும் குடில் கட்டக் கூடாது!" என்று தோகையை விரித்தார் மயிலார். "தீர்மானம் நிறைவேறியது!"

"கட்டாதேன்னு சொன்னா கட்டாம இருப்பாங்களா, மயிலாரே?" என்று ஆட்காட்டி கேட்டாள். "நம்ம கண்ணுக்கு எட்டாத இடமாப் பார்த்துக் கட்டுவாங்க. அந்தப் பட்ட மருதத்துல என்னமோ இருக்கு. முதல்ல யாராவது போய்ப் பாருங்க!"

"நீயே போய்ப் பாரேன், ஆட்காட்டியம்மா!" என்றது காட்டுப்பன்றி.

"அதான் தினமும் கத்துறேனே!"

"கத்துறே, கத்துறே. பாறை மேல நின்னு!"

சபை சிரித்தது. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. 'நன்றி கெட்ட காடு' என்று நினைத்துக்கொண்டாள். சபை கலைந்தது. தீர்மானம் இருந்தது. பொந்தும் இருந்தது.

சில நாள் கழித்து, ஓர் உச்சிப்பொழுதில் அவளுடைய குஞ்சு புள்ளியைக் காணவில்லை. அந்த ஆண்டு இட்ட முட்டைகளில் உயிரோடு மிஞ்சியது புள்ளி ஒன்றுதான். இறக்கை இன்னும் முளைக்காத குஞ்சு.

அவள் பறந்து தேடினாள். ஓடை வளைவுக்கு வந்தாள். பட்ட மருதத்தை ஒட்டி ஒரு குடில் நின்றது! இடுக்கு விடாமல் தழை போர்த்திய குடில். ஒரே ஒரு வாசல். அதுவும் பொந்தைப் பார்த்த வாசல்.

அவள் கால்கள் பழக்கப்படி அக்கரைப் பாறையில் போய் இறங்கின. வாய் பழக்கப்படி திறந்தது.

"ஆபத்து! ஆபத்து! வெளியே வாங்க!"

குடிலுக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. முயல்குட்டி செவியன் தலையை மட்டும் நீட்டினான்.

"சும்மா கத்தாதீங்க அத்தை! நீங்க கத்துற பக்கம் ஒண்ணும் இருக்காதுன்னு காட்டுக்கே தெரியும். முட்டை ஒரு பக்கம், கத்தல் ஒரு பக்கம்! தினமும் இந்த மரத்தைப் பார்த்துத்தானே கத்துனீங்க? அதனாலதான் இதைவிடப் பத்திரமான இடம் கிடையாதுன்னு இங்கே வந்தோம்!"

தலை உள்ளே போய்விட்டது.

ஆட்காட்டிக்கு அடுத்த கத்தலுக்கு மூச்சு எழவில்லை. மூச்சு வாங்க நின்ற அந்தச் சிறு இடைவெளியில், அவள் முதல்முறையாக அந்தக் குரலைக் கேட்டாள்.

"பின்பக்கம் வெளிச்சம் தெரியுதே, கண்ணுகளா. அதை அடைச்சாச்சா?"

அது பொந்துக்குள்ளிருந்து வந்தது. மெதுவான குரல். ஈரமான குரல்.

"அடைச்சாச்சு, மரத்தாத்தா!" என்றாள் முள்ளம்பன்றிக்குட்டி முள்ளி.

"நல்லது. இனி எல்லாரும் உள்ளே போய் நெருங்கி உட்காருங்க. வீடு எப்படி இருக்குன்னு தாத்தா வந்து பார்க்கிறேன்."

"சரி தாத்தா!" இது புள்ளியின் குரல்.

ஆட்காட்டி அலகைத் திறந்தாள். பிறகு மூடினாள். பாறையிலிருந்து இறங்கினாள். ஓடை மணலில் கால் வைத்து நடந்தாள். மணல் சுட்டது. படிந்து கிடந்த புல்லின்மேல் ஏறினாள். அது வழவழவென்று குளிர்ந்திருந்தது.

பொந்துக்கும் வாசலுக்கும் நடுவே வந்தபோது, இருட்டுக்குள்ளே இமையில்லாத இரண்டு கண்கள் அவளைப் பார்த்தன. கண்களுக்குப் பின்னே மலைப்பாம்பின் உடல் மடிப்பு மடிப்பாகக் கிடந்தது.

"கத்துறவளா?" என்றது பாம்பு. "ஏன் நிறுத்திட்டே? கத்து. நீ கத்தினா ஒருத்தரும் வரமாட்டாங்க. எனக்கு அதுதான் வேணும்."

அவள் முதுகைக் காட்டாமல், பின்னாலேயே நடந்து வாசலை அடைத்து நின்றாள்.

குடிலுக்குள் சிரிப்பு அடங்கியது.

"அம்மா," என்றது புள்ளி, "ஏன் கத்தாம நிக்கிறே?"

அதுவரை ஆட்காட்டியின் கத்தலுக்கு எந்தக் குட்டியும் பயந்ததில்லை. அவளுடைய அமைதியைக் கண்டு மூன்றும் நடுங்கின.

"முள்ளி," என்றாள் அவள், திரும்பாமலே. "பின்சுவருக்கு அடியில மண்ணைத் தோண்டு. செவியா, புள்ளியை முன்னால தள்ளு. யாரும் சத்தம் போடாதீங்க."

மண் பறிபடும் ஓசை கேட்டது. பொந்திலிருந்து தலை வெளியே வந்தது. கழுத்து வந்தது. வரவர உடம்பு முடியவே இல்லை. ஆட்காட்டி இறக்கைகளை முழுதாக விரித்தாள். ஓடாதே, ஓடாதே என்று தன் கால்களையே கெஞ்சினாள்.

"நகரு," என்றது பாம்பு.

"என் பிள்ளை இன்னும் வெளியே போகல," என்றாள் அவள்.

பாம்பு பாய்ந்தது. அவள் ஒரு முழம் எழும்பினாள். இறக்கை ஒன்று பாம்பின் வாய்க்குள் சிக்கிச் சட்டென்று முறிந்தது. அவள் பிய்த்துக்கொண்டு வெளியே விழ, வாய் நிறைய இறகோடு பாம்பின் தலை குடிலுக்குள் போய் விழுந்தது. அதன் பின்னே உடம்பு முழுதும் உள்ளே வழிந்தது. குடில் உப்பியது, சுருங்கியது, மறுபடி உப்பியது. பார்ப்பதற்கு அந்தக் குடிலே மூச்சு விடுவதுபோல் இருந்தது.

ஆனால் உள்ளே யாரும் இல்லை. பின்பக்கக் குழி வழியே மூன்று குட்டிகளும் ஓடை மணலில் ஓடிக்கொண்டிருந்தன. முறிந்த இறக்கையை இழுத்துக்கொண்டு ஆட்காட்டி அவர்கள் பின்னால் ஓடினாள்.

சபை மறுபடி கூடியது. மயிலார் தோகையை விரித்தார். "இன்னும் கடுமையாக ஒரு தீர்மானம்..."

"போதும், மயிலாரே!" என்றாள் ஆட்காட்டி. "தீர்மானம் போய் அந்த வாசல்ல நிக்கல. நான் பல வருஷமாக் கத்துன கத்தலும் போய் நிக்கல. பிள்ளைங்க கட்டட்டும். வெட்டவெளியில கட்டட்டும். உள்ளே போக ஒரு வழி, ஓடிப்போக இன்னொரு வழி வைக்கட்டும். மரத்தடின்னா மேலேயும் கீழேயும் பார்த்துட்டு உட்காரட்டும். பக்கத்துல உட்கார ஒரு ஆள் வேணும். யார் வர்றீங்க?"

காட்டுப்பன்றி மட்டும் தலையைக் குனிந்தபடி எழுந்து வந்தது.

இப்போதும் குட்டிகள் குடில் கட்டுகின்றன. பறக்க முடியாத ஓர் ஆட்காட்டி பக்கத்திலேயே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். காற்றில்லாத உச்சிப்பொழுதில் ஓடை வளைவிலிருந்து சில நேரம் ஒரு குரல் கேட்கும். "கட்டி முடிச்சாச்சா, கண்ணுகளா?" குட்டிகள் நிமிர்ந்து அவளைப் பார்க்கும். அவள் அங்கேயே இருக்கிறாள் என்று கண்டதும் மறுபடி குச்சியை எடுக்கும்.

தூர நின்று ஆயிரம் முறை கத்துவதைவிட, ஆபத்துக்கும் பிள்ளைக்கும் நடுவே ஒருமுறை போய் நிற்பதே காவல்.