ஓடும் வண்டியில் நான்கு கயிறுகள்

மலைச்சரிவில் காய்ந்த புல் பற்றிக்கொண்டது. காற்று தீயைக் காட்டுக்குள் விரட்டியது.

சாம்பி என்ற காட்டுக்கோழி தன் முட்டைகளின் மேல் இறக்கையை விரித்துக்கொண்டு நடுங்கியது. அதற்குப் பறக்கத் தெரியும். முட்டைகளுக்குத் தெரியாதே!

"ஓட முடியாதவர்களை எல்லாம் ஏற்றுங்கள்! ஆற்றுக்குப் போய்விட்டால் பிழைத்தோம்!" என்று கத்திக்கொண்டே கருமன் கரடி வந்தது. அதன் பின்னால் அதுவே கட்டிய நான்கு சக்கர வண்டி. இழுத்து வந்தது ஒரு காட்டெருது.

வண்டித் தட்டுக்கும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் நடுவே ஒரு பிரம்புச் சுருள் இருந்தது. சுருளோடு ஒரு கயிறு. கயிற்றை இழுத்துக் கட்டினால் சுருள் விறைத்துக்கொள்ளும். தளர்த்தினால் குழையும். கருமன் நான்கையும் முறுக்கிக் கட்டியிருந்தது.

சாம்பி தன் முட்டைகளைப் பஞ்சுப்புல்லில் பொதிந்து ஏற்றியது. முயல் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஒண்டிக்கொண்டன. நான்கு மந்திகள் பின்னால் தொற்றிக்கொண்டன. கருமனும் முன்னால் ஏறிக்கொண்டது.

வண்டி பாறைத் தடத்தில் இறங்கியது. டமார்! டமார்! ஒவ்வொரு கல்லும் நேராக முதுகெலும்பில் இடித்தது.

'டக்' என்று ஒரு சின்னச் சத்தம். சாம்பி குனிந்து பார்த்தது. ஒரு முட்டை உடைந்து வழிந்துகொண்டிருந்தது.

"ஐயோ! கரடி அண்ணா, கயிற்றைத் தளர்த்துங்கள்!"

"தளர்த்தினால் வண்டி ஆடும்!"

"என் பிள்ளை போய்விட்டதே! தளர்த்துங்கள்!"

கருமன் வண்டியை நிறுத்தி முனகிக்கொண்டே நான்கையும் தளர்த்தியது. இப்போது வண்டி தொட்டில் போல மிதந்தது. சாம்பிக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அடுத்தது வளைவு. இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் அதலபாதாளம். எருது திரும்பியதும் தட்டு பள்ளத்தை நோக்கி அப்படியே சரிந்தது. முயல் குட்டிகள் வீறிட்டபடி விளிம்புக்கு உருண்டன. ஒரு மந்தி பாய்ந்து கடைசிக் குட்டியின் காதைப் பிடித்து இழுத்தது.

"நான் சொன்னேனா இல்லையா? இறுக்குவதுதான் சரி!" என்று உறுமியது கருமன்.

"இறுக்கினால் மற்ற முட்டைகளும் உடையுமே!"

பின்னால் மூங்கில்கள் படபடவென்று வெடித்தன. புகை கண்ணைக் கரித்தது. இனி நின்று சண்டை போட நேரமில்லை. அந்தப் பயத்திலும் சாம்பி தன் கால்களைக் கவனித்தது. வண்டி இப்படி ஆடியும் அது மட்டும் விழவில்லை! ஒரு கால் மடங்கினால் மறுகால் நீண்டது. தலை இருந்த இடத்திலேயே இருந்தது.

"கயிறுகளைக் கட்டவே வேண்டாம்!" என்று கூவியது சாம்பி. "ஆளுக்கு ஒன்றாக மந்திகள் பிடித்துக்கொள்ளட்டும். கல்லில் ஏறும், குழியில் இறங்கும் சக்கரத்துக்கு மட்டும் கயிற்றை விடுங்கள். சரியும் பக்கத்தை மட்டும் இழுங்கள்!"

"ஓடுகிற ஓட்டத்தில் கல் எங்கே, குழி எங்கே என்று எப்படித் தெரியும்?" என்றது கருமன்.

சாம்பி முட்டைகளைப் பார்த்தது. அவற்றை விட்டுப் போக அதற்கு மனமே வரவில்லை. "நான் முன்னால் பறந்து சொல்கிறேன். அண்ணா, என் பிள்ளைகளை நீங்கள் அணைத்துக்கொள்ளுங்கள்" என்றது. சொல்லிவிட்டுப் புகைக்குள் பாய்ந்தது.

"முன் இடச்சக்கரம், கல்! விடு!"

மந்தி கயிற்றை விட்டது. அந்தச் சக்கரம் மட்டும் ஏறி இறங்கியது. தட்டு அசையவில்லை.

"இடப்பக்கம் திரும்புகிறோம்! வலப்பக்கம் இரண்டும் இழு!"

வலப்பக்கச் சுருள்கள் விறைத்தன. பாதாளத்தின் ஓரத்தில் வண்டி சாயாமல் திரும்பியது.

"செங்குத்து இறக்கம்! எருது கால் ஊன்றும்! முன் இரண்டும் இழு!"

தட்டு முன்னால் குப்புறச் சாயவில்லை. எருதும் பயமின்றி வேகம் பிடித்தது. தீப்பொறிகள் சாம்பியின் வாலையும் இறக்கைகளையும் பொசுக்கின. தொண்டை வறண்டு குரல் கிழிந்தது. ஆனாலும் அது கூவுவதை நிறுத்தவில்லை.

கடைசியில் சக்கரங்கள் சளக்கென்று ஆற்றுநீரில் இறங்கின. அக்கரை மணலில் ஏறியதும் எருது நின்றது. தீ ஆற்றைத் தாண்ட வழியில்லாமல் சீறியது.

சாம்பி தள்ளாடி வண்டிக்குள் விழுந்தது. கருமன் மெல்லத் தன் கைகளை விரித்தது. மீதி முட்டைகள் வெதுவெதுப்பாக, கீறல்கூட இல்லாமல் இருந்தன.

"உடைந்த முட்டைக்கு என் பிடிவாதம்தான் காரணம், கோழியம்மா" என்றது கருமன்.

சாம்பி முட்டைகளின் மேல் ஏறி, பொசுங்கிய இறக்கைகளை விரித்து, கண்ணை மூடிக்கொண்டது.

எப்போதும் விறைத்து நிற்பதும் ஆபத்து, எப்போதும் வளைந்து கொடுப்பதும் ஆபத்து. வருவதை முன்னே பார்த்து, அந்தந்த நொடிக்குத் தக்கபடி மாறிக்கொள்பவரே தம்மை நம்பி வந்தவர்களைப் பத்திரமாகக் கரைசேர்ப்பார்.