நண்டு கொடுத்த மூட்டு

அந்தக் காலத்தில் ஊர்வனவும் பறப்பனவும் மனிதரோடு சரிக்குச் சரி பேசிக்கொண்டிருந்தன. மனிதரின் கையோ தோளிலிருந்து விரல்நுனி வரை மடங்காது, உலக்கை மாதிரி. சோற்றை மாட்டைப் போலக் குனிந்துதான் தின்ன வேண்டும். மூக்கில் ஈ உட்கார்ந்தால் விரட்ட அடுத்தவரைக் கூப்பிட வேண்டும்.

சடச்சிக்கு அதெல்லாம் பழகிவிட்டது. தலைப்பிள்ளை பிறந்த பிறகுதான் பொறுக்க முடியவில்லை. பக்கத்தில் படுத்துப் பால் கொடுக்கலாம். அள்ளி நெஞ்சோடு அணைக்க முடியாது. அணைப்பில்லாத பிள்ளை அழுது அழுது பாலையும் மறுத்து, நாளுக்கு நாள் வாடியது.

அவர்கள் வயலில் ஒரு நண்டு இருந்தது. நண்டு கொழுத்தால் வளையில் தங்குமா? வரப்பின் மேல் நிமிர்ந்து நேராக நடைபோடும். அதன் கால்கள் நினைத்த பக்கமெல்லாம் மடங்குவதைச் சடச்சி வெகுநேரம் நின்று பார்த்தாள். ஒரு நண்டுக்கு இத்தனை மூட்டு எதற்கு என்று தோன்றியது.

"அண்ணே, முன்பக்கம் மடங்குற மூட்டை மட்டும் எனக்குக் கொடுங்க. பிள்ளை அழுகை ஓய்ஞ்சதும் தந்துடறேன்."

எந்தப் பக்கமாக மாட்ட வேண்டும் என்று நண்டு கேட்டது. நெஞ்சுப் பக்கம் மடங்கினால் போதும் என்றாள். முழங்கைக்கு ஒன்று, மணிக்கட்டுக்கு ஒன்று, கட்டைவிரல் உட்பட விரலுக்கு மூன்று என்று நண்டு பொருத்திவிட்டது. சடச்சி பிள்ளையை அள்ளினாள். முழங்கை மடிப்பில் தலை வைத்த பிள்ளை அழுகையை நிறுத்தியது.

நண்டின் பாடுதான் திண்டாட்டம். நேராக நடக்க முடியவில்லை, பக்கவாட்டில்தான் நகர முடிந்தது. நாரைகள் சிரித்தன. மானம் பொறுக்காமல் அது வந்து மூட்டைத் திருப்பிக் கேட்டது.

சடச்சி பிள்ளையை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். ஆனாலும் சொன்ன சொல்லை மாற்றவில்லை. ஒரே ஒரு தடவை பிள்ளையைத் தொட்டுக்கொள்கிறேன் என்று கேட்டு, இரண்டு கையாலும் அதன் முகத்தை வழித்தாள். பிறகு விரல்களைத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து, மூட்டுகளைக் கழற்ற அழுத்தினாள். படபடவென்று நெட்டி முறிந்தது. இரண்டு கட்டைவிரலிலிருந்தும் ஒவ்வொரு கணு கழன்று விழுந்தது.

அந்தச் சத்தத்துக்குப் பிள்ளை பொக்கைவாயால் சிரித்தது. நண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றது.

"போதும் ஆத்தா. இந்த ரெண்டையும் என் கொடுக்குல மாட்டிக்கறேன், சிரிக்கிற நாரையைக் கடிக்க ஆகும். மத்ததை நீயே வச்சுக்க."

அன்று முதல்தான் நண்டு பக்கவாட்டில் நடக்கிறது. நம் கட்டைவிரலில் ஒரு கணு குறைகிறது. பிள்ளையைக் கண்டு பூரிக்கும் தாய்மார் முகத்தை வழித்து நெற்றிப்பொட்டில் நெட்டி முறிக்கிறார்கள். கண்ணேறு கழிக்கிறோம் என்பார்கள். அது இருக்கட்டும், வாங்கியதைத் திருப்பித் தரத்தான் இன்றும் பார்க்கிறார்கள், நண்டுதான் வருவதில்லை.